பேசாப்பொருளைப் பேசும் இரண்டு கவிதைகளை எப்படி ஒப்பிடுவது?

கேள்வி இது: “தற்காலக் கவிதைகள் பேசக் கூசும் விஷயங்களை எப்படிக் கையாளுகின்றன என்று இரண்டு கவிதைகளை வைத்து ஒப்பிட்டு எழுத வேண்டும். ‘இரண்டுமே துணிச்சலாகப் பேசுகின்றன’ என்பதற்கு மேல் எழுத வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?”

முதல் வேலையாக ‘துணிச்சல்’ என்ற சொல்லை அடித்துவிடுங்கள். அது கவிஞருக்குக் கொடுக்கும் சான்றிதழ். கவிதைக்குள் என்ன நடக்கிறது என்று அது சொல்வதில்லை. இரண்டு கவிதைகளுக்கும் அதே சான்றிதழைக் கொடுத்துவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. உங்கள் எழுத்து இரண்டாவது பத்தியிலேயே நின்றுபோவதற்கு அதுதான் காரணம்.

விஷயத்தை ஒப்பிடாதீர்கள், தடையை ஒப்பிடுங்கள். இந்தக் கவிதையில் எந்தச் சொல்லுக்கு முன்னால் குரல் தயங்குகிறது? அந்தத் தயக்கம் யாரால் வந்தது? அதைக் கவிதை தாண்டுகிறதா, சுற்றிப் போகிறதா, அதன் முன்னாலேயே நின்றுவிடுகிறதா? இந்த மூன்று கேள்விகளையும் இரண்டு கவிதைகளிடமும் கேட்டால் ஒரே மாதிரி விடை கிடைப்பது அபூர்வம்.

தடை என்பது ஒரே வகையானதும் இல்லை. இதற்குத் தமிழ் இலக்கணமே நல்ல கருவி வைத்திருக்கிறது. பள்ளியில் படித்து மறந்த ‘தகுதி வழக்கு’ நினைவிருக்கிறதா? இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்று சொல்கிறது நன்னூல். ‘கால் கழுவி வந்தான்’ என்பது இடக்கரடக்கல், கூச்சத்தால் மறைப்பது. ‘இறைவனடி சேர்ந்தார்’ என்பது மங்கலம், அச்சத்தால் மறைப்பது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி பேசிக்கொள்வது குழூஉக்குறி; வெளியார் காதில் விழாமல் மறைப்பது. கூச்சம், அச்சம், ரகசியம் என்று மறைப்பதற்கு மூன்று காரணங்கள். உடல், மாதவிலக்கு, காமம் பற்றிய கவிதைகள் பெரும்பாலும் முதல் தடையோடு மோதுகின்றன. சாவு, தற்கொலை, தீராத நோய் பற்றியவை இரண்டாவதோடு. தன்பால் காதலைப் பேசும் கவிதைகளில் மூன்றாவதை அடிக்கடி பார்க்கலாம்: தெரிந்தவருக்கு மட்டும் தெரியும்படி வைத்த ஒரு நிறம், ஒரு பொழுது, பெயர் சொல்லாத ஒரு ‘நீ’.

நான்காவதாக ஒன்றும் இருக்கிறது. அதை இலக்கணம் சொல்லவில்லை, தற்காலக் கவிதைதான் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. சொல்லுக்கும் தடை இல்லை, விஷயத்துக்கும் தடை இல்லை. சொல்கிற ஆளுக்குத்தான் தடை. கவிஞர் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ கவிதைத் தொகுப்பு 2002இல் வந்தபோது எழுந்த எதிர்ப்பை இப்படித்தான் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தச் சொல் தமிழுக்குப் புதிதே இல்லை. சங்கப் பாடல்களில் இருக்கிறது, காப்பியங்களில் இருக்கிறது, பக்திப் பாடல்களில் இருக்கிறது. ஆண்டாள் கூசாமல் பயன்படுத்திய சொல். குறுந்தொகை 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் இன்னும் நேராகவே பேசுகிறார்: கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் நிலத்தில் சிந்திப் போகும் பாலைப்போல, தன் அழகு தனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை, பசலை, அதாவது பிரிவால் தோலில் படரும் நிறமாற்றம், தின்னப் போகிறது என்று. அப்படியிருக்க, 2002இல் ‘முலை’ என்ற சொல் ஏன் கெட்ட வார்த்தையாகக் கேட்டது? ஒரு பெண் அதைத் தன் உடலின் பகுதியாக, கடவுளுக்கோ தலைவனுக்கோ படைக்காமல், புத்தகத்தின் பெயராகவே வைத்தாள். வெளியே பார்த்தால் சொல்லுக்கு வந்த தடை. உள்ளே ஆளுக்கு வந்த தடை. இந்த வேறுபாட்டை ஒரு பத்தியில் காட்ட முடிந்தால் உங்கள் கட்டுரை பாதி தேறிவிட்டது.

தொல்காப்பியத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு நூற்பாக்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்பது ஒன்று: சபையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்க. உடனே அடுத்தது, ‘மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்’: அப்படி மறைக்கும்போதும், புழங்கிப் பழகிவிட்ட சொல்லை மறைக்க வேண்டியதில்லை. தடைக்குக் காலம் உண்டு என்பதை இரண்டாவது நூற்பா ஒப்புக்கொள்கிறது. ஆகவே கவிதை வெளியான ஆண்டைக் குறிக்காமல் ‘தடைசெய்யப்பட்ட விஷயம்’ என்று எழுதாதீர்கள். இன்று பழகிப்போன சொல்லுக்காக 20 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வசை வாங்கியிருக்கலாம்.

பாரதியின் ‘பேசாப் பொருளைப் பேசநான் துணிந்தேன்’ என்ற வரியை இந்தத் தலைப்பில் எழுதும் எல்லாருமே மேற்கோள் காட்டுகிறார்கள். விநாயகர் நான்மணிமாலையில் அந்த வரியைத் தொடர்ந்து அவர் கேட்பது மக்கள், பறவை, பூச்சி, புல் பூண்டு எல்லாம் துன்பம் தீர்ந்து இன்பமாக வாழ வேண்டும் என்பது. அந்தப் பேசாப்பொருள் வேறு. வரியை எடுப்பதானால் சூழலோடு எடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம்.

கவிதைகளைத் தேர்ந்தெடுக்கும்போது விஷயம் ஒன்றாகவும் வழி வேறாகவும் இருக்கட்டும். ஒன்று மாதவிலக்கைப் பற்றி, ஒன்று தற்கொலையைப் பற்றி என்று எடுத்தால் ‘இது இதைப் பேசுகிறது, அது அதைப் பேசுகிறது’ என்று இரண்டு தனிக் கட்டுரைகளாகப் பிரிந்துவிடும். நீளமும் ஏறக்குறைய ஒத்திருந்தால் நல்லது. 8 வரிக் கவிதையையும் 80 வரிக் கவிதையையும் ஒப்பிட்டால் சுருக்கத்தைத் தயக்கம் என்று தவறாகப் படித்துவிடுவீர்கள்.

தேர்ந்தெடுத்த பிறகு இரண்டையும் கையால் எழுதிப் பாருங்கள். கண் தாண்டிப் போகும் வரி உடைப்புகளைக் கை தாண்டாது. பிறகு மூன்று குறிப்புகள். ஒன்று, கவிதையில் உள்ள வினைமுற்றுகளை எல்லாம் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் விகுதியையும் வட்டமிடுங்கள். இரண்டு, தடைபட்ட விஷயம் எத்தனையாவது வரியில் தெரியவருகிறது என்று எண்ணுங்கள். பெயர் சொல்லப்படவே இல்லை என்றால் அதையும் குறியுங்கள். மூன்று, விஷயத்துக்குச் சம்பந்தமில்லாத பொருள்கள், அதாவது நாற்காலி, டம்ளர், நூல் போன்றவை, எவையெவை உள்ளே வந்திருக்கின்றன என்று பட்டியலிடுங்கள்.

இது எப்படி வேலை செய்யும் என்று காட்ட, இந்தப் பதிலுக்காகவே எழுதிய இரண்டு சிறு கவிதைகள் கீழே. இரண்டும் கருக்கலைந்து போனதைப் பற்றியவை. குடும்பங்களில் பெரும்பாலும் குரலைத் தாழ்த்தியே சொல்லப்படும் துக்கம் இது.

முதலாவது:

பத்து வாரம்.
ஸ்கேன் திரையைத் தன் பக்கம்
திருப்பிக்கொண்டார் டாக்டர்.
துடிப்பு இல்லை என்றார்.
துடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தார்கள்.
எழுந்து நின்றேன்.
வாசலில் அடுத்த பெயரைக்
கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது:

பாதி பின்னிய ஸ்வெட்டரை
அவள் பிரிக்கத் தொடங்கினாள்.
கை போனது. கழுத்து போனது.
நூல் சுருள்சுருளாகவே நின்றது,
இருந்த உருவத்தை மறக்காமல்.
யாருக்கு என்று
யாரும் கேட்கவில்லை.
உருண்டையாய்ச் சுற்றி
மேல்தட்டில் வைத்தாள்.

அவசரமாகப் படித்தால் ‘முதலாவது நேரடி, இரண்டாவது மறைமுகம்’ என்று எழுதத் தோன்றும். தவறில்லை, ஆனால் அதோடு நின்றால் போதாது. வினைமுற்றுகளைப் பாருங்கள். முதலாவதில் திருப்பிக்கொண்டார், என்றார், கொடுத்தார்கள், கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கும் மற்றவர்களுடையவை. அவளுடையது ஒன்றே ஒன்று: நின்றேன். ‘நான்’ என்ற சொல்கூட இல்லை. தமிழில் விகுதியே போதும் என்பதால், அந்த ‘ஏன்’ ஒன்றில்தான் அவள் அந்த அறைக்குள் இருக்கிறாள். இரண்டாவதில் தொடங்கினாள், வைத்தாள் என்று வேலை அவள் கையில் இருக்கிறது. ஆனால் முக்கியமான இடத்தில் வினை அவளை விட்டு நழுவுகிறது. பிரிப்பவள் அவள்தான், கவிதையோ ‘கையைப் பிரித்தாள்’ என்று சொல்லாமல் ‘கை போனது’ என்கிறது. ‘எதை?’ என்ற கேள்விக்கு இடம் தரும் செயப்படுபொருள் குன்றா வினையாக இருக்க வேண்டியது குன்றிய வினையாகி, தானாகவே நடந்ததுபோல் ஆகிறது. ஸ்வெட்டரின் கையும் கழுத்தும் வேறொன்றின் கையாகவும் கழுத்தாகவும் மாறுவது அந்த இலக்கண நழுவலில்தான்.

அடுத்து ‘இல்லை’யைத் தேடுங்கள். இரண்டு கவிதையிலும் ஒவ்வொன்று இருக்கிறது. முதலாவதில் ‘துடிப்பு இல்லை’. இரண்டாவதில் ‘யாரும் கேட்கவில்லை’. தமிழில் ‘இல்லை’ திணை, பால், எண், இடம் எதையும் காட்டாது. விகுதியால் ஆளை அடையாளம் காட்டும் மொழியில், ஆள் அடையாளமே இல்லாத முற்று அது. முதல் கவிதை அந்த ‘இல்லை’யைக் குழந்தையின்மேல் வைக்கிறது, இரண்டாவது சுற்றியிருப்பவர்களின்மேல் வைக்கிறது. ஒப்பீட்டின் நடுக்கரு இங்கே கிடைத்துவிட்டது: முதலாவதில் தடை என்பது மருத்துவமனையின் வேகம், நின்று துக்கப்பட நேரமில்லாத வரிசை. இரண்டாவதில் தடை என்பது கூட இருப்பவர்களின் மௌனம். ஒரே இழப்பு, வேறு வேறு வாய்ப்பூட்டு. ‘நேரடி, மறைமுகம்’ என்ற பிரிப்பு இதைக் காட்டியிருக்காது.

ஓசையையும் விடாதீர்கள். ‘துடிப்பு’ முடிந்த அடுத்த வரி ‘துடைத்து’ என்று தொடங்குகிறது. மோனை சாதாரணமாக அலங்காரமாக வரும். இங்கே உயிர் இருந்த இடத்தைச் சுத்தம் செய்துவிடும் வேலை செய்கிறது. இதை எழுதும்போது ‘மோனை நயம் சிறப்பாக அமைந்துள்ளது’ என்று எழுதினால் பயனில்லை. எந்தச் சொல்லின் மேல் எந்தச் சொல் வந்து விழுகிறது, அதனால் என்ன அழிகிறது என்று எழுத வேண்டும்.

பிரித்த நூல் சுருள்சுருளாக நிற்பது பின்னல் தெரிந்தவர்கள் அறிந்த சங்கதி. ஈரமாக்கி நீவினால்தான் நேராகும். கவிதை அதை விளக்கவில்லை. இப்படி விளக்கப்படாமல் நிற்கும் பொருளைப் படிக்க நமக்கு ‘உள்ளுறை’ என்ற பழைய பெயரே இருக்கிறது. குறியீடு என்று பொதுவாக எழுதுவதைவிட இது துல்லியமானது. குறியீட்டில் இது அதற்குப் பதில் என்று சமன்பாடு போட்டுவிடலாம். உள்ளுறையில் கருப்பொருளின், அதாவது பாட்டில் வரும் விலங்கு, மரம் போன்றவற்றின், செயலும் மனிதர் நிலையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், நூல் நூலாகவே இருக்கும்.

நூற்றுக்குத் தொண்ணூறு கட்டுரைகள் தொடாமல் விடும் இன்னொரு இடம் சொல் தேர்வு. தடைபட்ட விஷயத்துக்குத் தமிழில் ஒரு சொல் இருப்பதில்லை, ஐந்தாறு இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் இருக்கும். மாதவிடாய் என்பது பாடப்புத்தகத்தின் வாய். மாதவிலக்கு என்பதில் ‘விலக்கு’ உட்கார்ந்திருக்கிறது. தீட்டு தீர்ப்பே சொல்லிவிடுகிறது. ‘தூரம்’ என்பது வீட்டுப் பெரியவர்களின் குரல். பீரியட்ஸ் என்பது தோழியிடம் சொல்வது. ஒரு கவிதை ‘தீட்டு’ என்று எழுதி அடுத்த வரியில் ‘ரத்தம்’ என்று எழுதினால், இரண்டு வரிகளுக்கிடையில் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய்விட்டது என்று பொருள். உங்கள் இரண்டு கவிதைகளும் எந்தச் சொல்லை எடுத்தன, எதை எடுக்காமல் விட்டன என்று இரண்டு வரிசை போட்டுப் பாருங்கள். ‘தற்கொலை’ போன்ற சொல்லுக்குள்ளேயே ‘கொலை’ என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. அதைத் தவிர்க்கும் கவிதை பயத்தால் தவிர்க்கிறதா, அந்தக் குற்றச்சாட்டை ஏற்க மறுத்துத் தவிர்க்கிறதா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

சில கவிதைகள் வேறொரு துறையின் சொல்லை இழுத்துவரும். கவிஞர் சல்மாவின் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ 2000இல் வந்த தொகுப்பு. அதிலுள்ள ‘ஒப்பந்தம்’ தாம்பத்தியப் படுக்கையைப் பேசுவது. தலைப்பைப் பாருங்கள். பத்திரம் எழுதுகிற இடத்துச் சொல்லைப் படுக்கையறைக்குள் வைத்திருக்கிறார். குட்டி ரேவதி உடலைச் சதுப்பு நிலத்துக் குமிழிகளாக, நிலமாகக் காண்கிறார். சல்மா உடலுறவைக் கொடுக்கல் வாங்கலாகக் காண்கிறார். ஒருவர் கூச்சம் படிந்த சொல்லை இயற்கையின் பக்கம் கொண்டுபோய்க் கழுவுகிறார். மற்றவர் புனிதம் என்று மூடி வைத்ததைக் கணக்கின் பக்கம் கொண்டுவந்து திறக்கிறார். ‘இருவரும் பெண்ணுடலை எழுதினார்கள்’ என்று ஒரே மூட்டையில் கட்டுவது இருவருக்கும் செய்யும் அநியாயம்.

தலித் கவிஞர் சுகிர்தராணியை இவர்களோடு சேர்த்து ஒப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவருடைய புகழ்பெற்ற கவிதை ஒன்றில், சிறுவயதில் தன் சாதித் தொழிலை மறைத்தும், தப்பட்டையோடு வரும் அப்பாவைத் தெருவில் கண்டால் முகத்தை மறைத்தும் நடந்த ஒருத்தி, இப்போது யாராவது கேட்டால் தன் சாதிப் பெயரைத் தானே பளிச்சென்று சொல்லிவிடுகிறாள். பிறர் வாயில் வசையாக இருந்த சொல் தன் வாயில் வேறாகிறது. சொல் மாறவில்லை, ஆள் மாறினாள். மேலே சொன்ன நான்காவது தடையின் நேரடி உதாரணம் இது. உடலும் சாதியும் சேர்ந்து வரும் கவிதையில் இரண்டு தடைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்து எழுதினால் கவிதை பாதியாகிவிடும். 2021இல் டெல்லி பல்கலைக்கழகத்தின் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து எழுத்தாளர்கள் பாமா, சுகிர்தராணி, மகாசுவேதா தேவி ஆகியோரின் படைப்புகள் நீக்கப்பட்டன. தடை என்பது பழங்கதை இல்லை என்பதற்கு இது சான்று. ஆனால் இதைக் கட்டுரையில் ஒரு வாக்கியத்துக்கு மேல் வைக்காதீர்கள். கவிதைக்கு வெளியே நடந்தது கவிதையைப் படித்ததற்கு ஈடாகாது.

‘நான்’ யார் என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். அகப்பாடலில் ஒருவர் பெயரையும் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி: ‘சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்.’ அந்தரங்கத்தை எழுதலாம், ஆனால் யாருடைய அந்தரங்கம் என்று தெரியக்கூடாது. தற்காலக் கவிதை தன்மை ஒருமையில் பேசும்போது வாசகர் உடனே அதைக் கவிஞரின் வாழ்க்கையாக எடுத்துக்கொள்கிறார். ‘கவிஞர் தன் வாழ்வில் அனுபவித்த…’ என்று தொடங்கும் வாக்கியங்களை எல்லாம் ‘கவிதைசொல்லி’ என்று மாற்றுங்கள். பேசுவது யார் என்பதோடு யாரிடம் பேசப்படுகிறது என்பதையும் கேளுங்கள். அம்மாவிடம் சொல்வதுபோல் எழுதிய கவிதையில் வரும் தயக்கமும், யாரையும் விளிக்காத கவிதையில் வரும் தயக்கமும் ஒன்றில்லை.

தவறாகப் போகும் இடங்கள் இன்னும் இரண்டு. நேரடியாகப் பேசுவதே முன்னேற்றம், மறைத்துப் பேசுவது கோழைத்தனம் என்று மதிப்பெண் போடுவது ஒன்று. மேலே பார்த்த ஸ்வெட்டர் கவிதை கருவைப் பெயர் சொல்லி அழைத்திருந்தால், ‘யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை’ என்ற வரி செத்துப்போயிருக்கும். வாசகரையும் அந்தக் கேட்காதவர்களில் ஒருவராக்குவதுதான் அதன் பலம். இன்னொன்று, மொழிபெயர்ப்புக் கவிதையையும் தமிழ்க் கவிதையையும் சொல் சொல்லாக ஒப்பிடுவது. மொழிபெயர்ப்பில் ‘தீட்டு’ என்று இருந்தால் அது மொழிபெயர்ப்பாளர் எடுத்த சொல். அங்கே காட்சி, வரிசை, யார் பேசுகிறார், எங்கே முடிகிறது என்பவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். ஓசையையும் விகுதியையும் தொடாதீர்கள்.

எழுதும்போது அளவு. 1,000 சொல் கட்டுரை என்றால், என்ன தடை, எப்போதைய தடை என்பதற்கு 150 சொற்கள். இரண்டு கவிதைகளின் நெருக்கமான வாசிப்புக்கு 550. பேசுபவர், கேட்பவர் பற்றி 150. முடிவு வரிகளின் ஒப்பீட்டுக்கு 150. முதல் கவிதையை முழுக்க முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போனால் ஒப்பீடு கடைசிப் பத்தியில் அவசரமாக ஒட்டப்படும். ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு கவிதைகளும் இருக்கட்டும்: வினைமுற்று பற்றி ஒரு பத்தி, சொல் தேர்வு பற்றி ஒன்று, வராத சொல் பற்றி ஒன்று என்று. மேற்கோள் ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். மேற்கோளுக்கு அடுத்த வாக்கியம் அதன் பொருளைத் திரும்பச் சொல்லக்கூடாது. அதிலுள்ள ஒரு சொல்லைப் பிடித்து மேலே போக வேண்டும்.

முடிவு வரிகளுக்குத் தனியாக இடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. தடைபட்டதைப் பேசத் தொடங்குவதைவிடப் பேசி முடிப்பது கடினம். பல கவிதைகள் கடைசி இரண்டு வரியில் பயந்து ஆறுதலுக்கோ முழக்கத்துக்கோ போய்விடுகின்றன. முதல் கவிதை ‘அடுத்த பெயர்’ என்று இன்னொருத்தியின் பக்கம் திரும்பி முடிகிறது; அந்த வரிசையில் நாளை யாரும் நிற்கலாம். இரண்டாவது ‘மேல்தட்டில்’ முடிகிறது. எறியவும் இல்லை, கண்ணில் படும்படி வைக்கவும் இல்லை. எட்டி எடுத்தால்தான் கைக்கு வரும் உயரம்.

எழுதி முடித்ததும் கவிதைத் தலைப்புகளையும் கவிஞர் பெயர்களையும் விரலால் மறைத்துக்கொண்டு உங்கள் பத்திகளைப் படித்துப் பாருங்கள். வேறு எந்த இரண்டு கவிதைகளுக்கும் பொருந்தும் பத்தி ஒன்று அகப்பட்டால் அதை எடுத்துவிட்டு, ‘பஞ்சு’ மாதிரி, ‘மேல்தட்டு’ மாதிரி அந்தக் கவிதைக்குள் மட்டுமே இருக்கும் ஒரு சொல்லிலிருந்து அந்தப் பத்தியை மறுபடி தொடங்குங்கள்.